சும்மா ஒரு சொட்டு

எனக்குப் பூ வரையக் கற்றுக்கொடுத்தவர் கலிஃபோர்னியாக்காரர். பெயர் வால்டர் ஃபாஸ்டர். 1983இல், வடபழனி கோயிலுக்குப் பின்னால் எங்கள் போர்ஷனின் வாசற்படியில் உட்கார்ந்து அவரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. புத்தகத்தில் இருக்கும் வாத்தியார் உயிரோடு இருந்தாலும் சந்தேகத்துக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

1920களில் லகுனா பீச் என்ற கடற்கரை ஊரில், வீட்டிலேயே ஓவியப் பாடப் புத்தகம் போட்டு விற்க ஆரம்பித்தவர் அவர். உலகம் சுற்றி வந்த அந்தப் பெரிய, ஒல்லிப் புத்தகங்களில் ஒன்று மூர் மார்க்கெட்டுக்கும் வந்தது. ஸ்டுடியோ ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பா, சம்பள நாளன்று பன்னிரண்டு ரூபாய் கொடுத்து வாங்கி வந்தார். அட்டையில் ரோஜா. உள்ளே யாரோ ஒரு துரைசானி பென்சிலால் வீட்டுச் சாமான் பட்டியல் எழுதியிருந்தாள். கூடவே இனாமாக, இங்கிலாந்தில் அச்சான இன்னொரு புத்தகம். அட்டை கிடையாது, ஆசிரியர் பெயர் கிடையாது, முதல் பத்துப் பக்கமும் கிடையாது. ஆக, பூவை எப்படி ஆரம்பிப்பது என்பது எனக்குக் கடைசிவரை தெரியாமலே போனதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. (1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த முதல் பத்துப் பக்கமும் அங்கே எங்கேயோ கிடந்து எரிந்திருக்கும் என்பது என் கணக்கு. இன்றைக்கு அங்கே நிற்கும் புறநகர் ரயில் நிலையத்துக்கு ரயில்வே வைத்த பெயர் மட்டும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்.)

அப்பாவுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். ஆனால் அது வவுச்சர் இங்கிலீஷ். பக்கத்துக்குப் பக்கம் 'சிம்ப்ளி' என்று ஒரு சொல் வந்துகொண்டே இருந்தது. அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். "ஈரமா இருக்கறப்பவே சும்மா ஒரு சொட்டு விடுன்றான். அதுவே பரவி இதழ் ஆயிடுமாம்." அடுத்த பக்கம். "சும்மா பிரஷ்ஷை ஒரு தட்டு தட்டணுமாம். இலை வந்துடும்."

வடபழனியில் குடியிருந்துகொண்டு 'சும்மா' என்ற சொல்லை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அருணகிரிநாதருக்கு முருகன் கொடுத்ததாகச் சொல்லும் உபதேசமே சும்மா இருக்கச் சொல்வதுதான். அது எத்தனை கஷ்டமான காரியம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பாயில் படுத்தபடி அம்மாவுக்கு விளக்குவார்.

சும்மா ஒரு சொட்டு விட்டேன். அது பரவவில்லை. சித்திரை மாதம். தாளில் தண்ணீரைத் தடவிவிட்டு, பிரஷ்ஷை வண்ணத்தில் தோய்த்துத் திரும்புவதற்குள் தாள் அப்பளமாகக் காய்ந்திருந்தது. தாளின் மினுமினுப்பு அடங்கும்வரை பொறுத்திரு என்பது அந்த இங்கிலாந்து ஆசாமி சொன்ன விதி. அவர் ஊரில் அதற்குள் ஒரு டீ குடிக்கலாமாம். எங்கள் வாசலில் டீ என்று சொல்லி முடிப்பதற்குள் அடங்கிவிடும். உள்ளே போய் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் இன்னும் வேகமாகக் காய்ந்தது. ஃபேனை நிறுத்தினால் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. சொட்டிய இடத்தில், நான் முயன்று முயன்று வராத அந்தப் பரவல், அத்தனை அழகாக வந்தது. அரைக் காய்ச்சலில் இருக்கும் வண்ணத்தில் தண்ணீர் விழுந்தால் ஓரம் சுருட்டிக்கொண்டு ஒரு கறை உண்டாகும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ப்ளூம்', அதாவது பூத்தல். இன்னொரு பெயர் காலிஃபிளவர். நான் வரைந்த பூவைத் தவிர, தாளில் மற்ற இடமெல்லாம் பூத்துக் குலுங்கியது.

ஐப்பசியில் தலைகீழ். வெள்ளிக்கிழமை பூசிய வண்ணம் ஞாயிற்றுக்கிழமையும் பிசுபிசுத்தது. தாளில் பழுப்புப் புள்ளியாகப் பூஞ்சை. அதுவும் பூவோடு சேர்ந்த சொல்தான்.

தண்ணீர் வேறு பிரச்சினை. 1983 என்றால் சென்னைக்காரர்களுக்குக் குடம் ஞாபகம் வரும். அந்த ஏப்ரலில்தான் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் கிருஷ்ணா நீருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். எங்கள் தெருவுக்கு லாரி வரும் நாளில் பத்து வீட்டுக் குடமும் சண்டைக்கு நிற்கும். வாட்டர்கலருக்கு எப்போதும் இரண்டு டம்ளர் தண்ணீர் வேண்டும், ஒன்று பிரஷ் கழுவ, ஒன்று கலக்க, இரண்டும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது இரண்டு புத்தகங்களும் ஒத்துப்போன ஒரே விஷயம். அம்மா கேட்டாள்: "குடிக்க ஒரு டம்ளருக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறோம். பூ கழுவ உனக்கு ரெண்டு டம்ளரா?" அரிசி கழுவிய தண்ணீரைக் கொடுத்தாள். வண்ணங்களுக்கெல்லாம் ஒரு சாத்வீகக் குணம் வந்தது. கிருஷ்ணா நீர் கடைசியில் 1996இல் வந்து சேர்ந்தபோது என் டேஃபடில் காய்ந்து பதிமூன்று வருஷம் ஆகியிருந்தது.

டேஃபடில் என்று சொன்னேன் அல்லவா. அந்த இரண்டு புத்தகங்களையும் வைத்துக்கொண்டு நான் வரைந்த பூக்கள்: டேஃபடில், பான்ஸி, ப்ரிம்ரோஸ், ஸ்வீட் பீ, பாப்பி. இவற்றில் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. வாசனை தெரியாது, தொட்டால் எப்படி இருக்கும் என்று தெரியாது, காலையில் மலருமா மாலையில் மலருமா என்று தெரியாது. திண்ணையிலிருந்து இறங்கி முப்பது தப்படி நடந்தால் கோயில் வாசல் பூக்கடைகள். பூக்கடைப் பக்கம் பத்ரியன் தெருவிலிருந்து விடிகாலையில் கூடை கூடையாக வந்து இறங்கும். குண்டு மல்லி, ஜாதி மல்லி, கனகாம்பரம், மரு, அரளி, சாமந்தி. அந்தக் கூடைகளைத் தாண்டித்தான் தினம் காலேஜுக்குப் போனேன். தாண்டிப் போய், திரும்பி வந்து, ப்ரிம்ரோஸ் வரைந்தேன்.

பாட்டிக்கு இது பிடிபடவே இல்லை. வாழைநாரை நனைத்து, இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு வைத்து, ஒரு சுற்று, ஒரு முடிச்சு என்று டி.வி. பார்த்தபடியே நாலு முழம் கட்டிவிடுவாள். நான் கட்டினால் காம்பு ஒடியும், அல்லது முடிச்சு தளர்ந்து நடுத்தெருவில் தலையிலிருந்து ஒவ்வொன்றாக உதிரும். "பூ கட்டத் தெரியலே, பூ வரையறாளாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது கூடச் சொன்னாள். 'பெண் நன்றாக வரைவாள்' என்பதன் சுருக்கம் அது என்று அப்பா சமாளித்தார்.

எதிர் சந்தில் ஒரு பேனர் ஆர்ட்டிஸ்ட் அண்ணன் இருந்தார். அந்தக் காலத்தில் வடபழனி, கோடம்பாக்கம், சாலிகிராமம் பக்கம் பத்து வீட்டுக்கு ஒருவராவது சினிமாவோடு தொங்கிக்கொண்டிருப்பார். அண்ணன் ஸ்டில்லின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு, ஒரு கட்டத்தில் நாயகியின் அரைக் கண், இன்னொரு கட்டத்தில் மீதிக் கண் என்று ஏற்றிக்கொண்டு போவார். பவுடர் கலரை எண்ணெயில் குழைத்த வாசனை சந்து முழுக்க இருக்கும். நாயகியின் கொண்டையில் அவர் வைக்கும் மல்லிகை, ஒரு பூ சாப்பாட்டுத் தட்டு அளவு. என்னுடையது இரண்டு அங்குலம். ஒரே தொழில் என்ற உரிமையில் ஒருநாள் என் மல்லிகையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

இங்கே தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வாட்டர்கலரில் வெள்ளை கிடையாது. ட்யூப் உண்டு, சைனீஸ் வொய்ட் என்று பெயர், பன்னிரண்டு ட்யூப் பெட்டியில் அதற்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் தொடக் கூடாது. தாளின் வெள்ளைதான் வெள்ளை. வெளிறிய வண்ணத்தில் ஆரம்பித்து மெல்ல மெல்ல இருட்டுக்குப் போக வேண்டும். வெள்ளைப் பூ என்றால் பூவை விட்டுவிட்டுச் சுற்றிலும் இருப்பதை மட்டும் வரைய வேண்டும். பேனரில் நேர் எதிர். இருட்டில் ஆரம்பித்து வெளிச்சத்துக்கு ஏறி, கடைசி வேலையாக வெள்ளையை எடுத்து மூக்கு நுனியிலும் கண்மணியிலும் ஒவ்வொரு பொட்டு வைப்பார்கள். வைத்ததும் முகம் எழுந்து உட்காரும்.

அண்ணன் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூவை எங்க பாப்பா வரைஞ்சிருக்க?"

"வரையக் கூடாதுண்ணே. விட்டுடணும். புக்குல போட்டிருக்கு."

"மொதல்லயே விட்ட வெள்ளை பேப்பரு பாப்பா. கடைசியா வைக்கிற வெள்ளைதான் வெளிச்சம்" என்றார்.

கலிஃபோர்னியாவா, எதிர் சந்தா? அன்று ராத்திரி, யாரும் பார்க்காத நேரத்தில் சைனீஸ் வொய்ட்டைத் திறந்து மல்லிகை முழுக்க வைத்தேன். காலையில் பார்த்தால் இலை போட்ட தயிர்சாதம்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு ரோஜா நன்றாக வந்தது. அப்பா கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டினார். கிரிம்சன் லேக் என்ற சிவப்பில் தோய்த்து எடுத்த ரோஜா. அந்த மாதிரிச் சிவப்புகள் வெளிச்சத்தில் நிற்காது, வருஷம் போகப் போக வெளுத்துவிடும் என்று இரண்டு புத்தகத்திலும் இல்லை. அல்லது அந்த முதல் பத்துப் பக்கத்தில் இருந்திருக்கலாம். மேற்கு ஜன்னல் வெயில் தினம் ஒரு மணி நேரம் அதன் மேல் விழுந்தது. சிவப்பு போய், பச்சை மட்டும் திடமாக நின்றது. தொண்ணூறுகளில் வீட்டுக்கு வந்தவர்கள் "இது என்ன கீரை?" என்று கேட்டார்கள். இத்தனைக்கும் இதே சோழமண்டலக் கரையில் சாயவேர் என்ற செடியின் வேரிலிருந்து எடுத்த சிவப்பைத் துணியில் ஏற்றிக் கப்பல் கப்பலாக அனுப்பியிருக்கிறார்கள். அது துவைக்கத் துவைக்க வெளுக்காது என்றுதான் வெள்ளைக்காரர்கள் வாங்கினார்கள்.

பிறகு கல்யாணம், வங்கி வேலை, இரண்டு பிள்ளைகள், விருப்ப ஓய்வு. முப்பத்தேழு வருஷம்.

2020 மே மாதம் கோயம்பேடு சந்தையை மூடினார்கள். கோயில் நடை ஏற்கெனவே சாத்தியிருந்தது. வடபழனியில் பூ இல்லாத தெருவை நான் அப்போதுதான் பார்த்தேன். பரணில் எதையோ தேடப் போய் அந்த ஒல்லிப் புத்தகம் கையில் வந்தது. அட்டை ரோஜா மட்டும் அப்படியே சிவப்பாக இருந்தது. அச்சு மையில் வேறு சிவப்பு போல.

இப்போது என்னிடம் இல்லாத சாமான் இல்லை. நூறு சதவீதப் பருத்தித் தாள், 300 ஜிஎஸ்எம். ஒரு தாளின் விலைக்கு அன்று மூர் மார்க்கெட்டில் ஒரு அலமாரி வாங்கியிருக்கலாம். வெள்ளையை விட்டுவைக்க மாஸ்கிங் ஃப்ளூயிட் என்று ஒரு ரப்பர் பால். பூ இருக்க வேண்டிய இடத்தில் தடவி, மேலே கவலையில்லாமல் வண்ணம் அடித்து, காய்ந்ததும் உரித்து எடுத்தால் உள்ளே வெள்ளை பத்திரமாக இருக்கும் என்பது ஏற்பாடு. வெயிலில் காய வைக்கக் கூடாது என்று புட்டியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. வடபழனியில் வெயில் இல்லாத இடத்துக்கு எங்கே போவது? உரித்தேன். பால் தாளின் மேல் தோலையும் சேர்த்துக்கொண்டு வந்தது. மருமகள் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த வெளிநாட்டு வண்ணத்தில் தேன் கலந்திருக்கிறது. சீக்கிரம் காயாமல் இருக்கவாம். நல்ல யோசனைதான். மறுநாள் காலை தட்டில் அல்ட்ராமரீன் இருந்த குழியில் எறும்பு. பிரஷ்யன் புளூவை அவை தொடவில்லை. என்னைவிட ரசனை உள்ள எறும்புகள்.

வாத்தியார்களுக்கும் பஞ்சமில்லை. ஒரு ரோஜாவுக்கு ஆயிரம் வீடியோ. இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் ஒன்றரை நிமிஷத்தில் ரோஜா. அதைப் பார்த்துவிட்டு நான் வரைய மூன்று மணி நேரம். போன வருஷம் பிள்ளைகள் என்னை ஒரு ஓவியப் பட்டறைக்கு அனுப்பினார்கள். விஜயா வாகினி ஸ்டுடியோ இருந்த நிலத்தில் மால் வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறதல்லவா, அதன் பக்கத்துத் தெருவில் ஒரு காபிக் கடையின் மாடி. இரண்டு மணி நேரம், காபியோடு சேர்த்து 1,800 ரூபாய். கற்றுக்கொடுத்த பெண்ணுக்கு இருபத்துநாலு வயதிருக்கும். கெட்டிக்காரி, பிரஷ் பிடித்த கையில் ஒரு நடுக்கம் இல்லை. ஏ.சி. இருந்ததால் தாள் கூட ஈரமாகவே இருந்தது. அன்றைய பூ என்ன என்று கேட்டேன்.

"பியோனி, ஆன்ட்டி."

பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். "நேர்லயா? இல்ல ஆன்ட்டி. ஆனா எல்லா வெடிங் கார்டுலயும் வரும்" என்றாள். பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவரும் பார்க்காத பூவைப் பயபக்தியோடு வரைந்தோம். எனக்குத் தடுமாறியபோது அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள். "பயப்படாதீங்க. ஜஸ்ட் ஒரு ட்ராப் விடுங்க."

நாற்பது வருஷத்தில் 'சிம்ப்ளி' போய் 'ஜஸ்ட்' வந்திருக்கிறது. அப்பா இருந்திருந்தால் இரண்டுக்கும் ஒரே வவுச்சர் போட்டிருப்பார்.

ரங்கையாவையும் கோவிந்துவையும் நான் கண்டுபிடித்தது இந்தப் பியோனிக்குப் பிறகு, ராத்திரி தூக்கம் வராமல் எதையோ தட்டிக்கொண்டிருந்தபோது. ராபர்ட் வைட் என்று ஒரு ஸ்காட்லாந்து வைத்தியர், 1819இல் கம்பெனி வேலைக்கு மதராஸ் வந்தவர், தென்னிந்தியச் செடிகொடிகளின் மேல் பித்தாக அலைந்திருக்கிறார். வரையத் தெரிந்த ஆள் வேண்டும். முதலில் ரங்கையா, அவருக்குப் பிறகு கோவிந்து. 1838 முதல் 1853 வரை மதராஸில் அச்சிட்டு வெளிவந்த 'ஐகோனஸ்' ஆறு தொகுதிகள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். பிரித்து வைத்த சூலகம், குறுக்கே வெட்டிய காய், பெரிதாக்கிய மகரந்தப்பை. எல்லாம் எதிரில் செடியை வைத்துக்கொண்டு வரைந்தவை. கீழே மூலையில் வரைந்தவர் பெயர். அவர்களைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த மூலை எழுத்துதான். எடின்பரோ தாவரவியல் பூங்காவின் ஹென்றி நோல்டி தேடித் துருவி 2007இல் புத்தகம் போட்டபிறகுதான் அந்தப் பெயர்களுக்குக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைத்திருக்கிறார். பின்னால் வந்த தாவரவியலாளர்கள் அது வேறொரு பேரினம்தான் என்று சொல்லி அதோடு சேர்த்துவிட்டார்கள். பெயர் போயிற்று. கிரிம்சன் லேக் மாதிரி.

ஆக, கணக்கு இப்படி இருக்கிறது. நம் ஊர்ப் பூ எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வெள்ளைக்காரர்கள் ரங்கையாவின் புத்தகத்தைப் பிரித்தார்கள். பூ எப்படி வரைவது என்று தெரிந்துகொள்ள, நூற்றைம்பது வருஷம் கழித்து, நாங்கள் அவர்கள் புத்தகத்தைப் பிரித்து ப்ரிம்ரோஸில் போய் நின்றோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூவை வரிசையாக அடுக்கியிருக்கிறார் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். அதில் ஐந்து பூவை எதிரில் வைத்தால் அடையாளம் சொல்லத் தெரியாது.

இன்னொன்றும் படித்தேன். அந்தக் கம்பெனி காலத்து இந்திய ஓவியர்கள் வெள்ளையைக் குழைத்த கனத்த வண்ணத்தைக் கூச்சமே இல்லாமல் பயன்படுத்தியிருக்கிறார்கள். எதிர் சந்து அண்ணன் ஒன்றும் சினிமாத்தனமாகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ ரங்கையா பக்கம்தான் நின்றிருக்கிறார். ஃப்ளெக்ஸ் வந்தபிறகு அண்ணன் கும்பாபிஷேக கோபுரங்களுக்கு வண்ணம் பூசப் போனார் என்று கேள்வி. எங்கள் கோயிலே படத்தில் தொடங்கியதுதான். பழனியாண்டவர் படம் ஒன்றைக் குடிசையில் வைத்து அண்ணாசாமி தம்பிரான் கும்பிட ஆரம்பித்த இடம் அது. ஒரு படத்தை வைத்து ஒரு ஊரே எழும்பிய தெருவில், நான் கீரை வரைந்திருக்கிறேன்.

போன மாதம் முடிவெடுத்துவிட்டேன். இனி பார்த்த பூ மட்டும். முதலில் கனகாம்பரம். முழம் முழமாகத் தலையில் வைத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் மட்டும் விசிறியாக விரிகிற பூ என்று வரைய உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. சுமாராக வந்தது. அடுத்து மல்லிகை. ஆற்காடு சாலையின் தலைக்கு மேல் மெட்ரோ தூண்கள், கீழே பழைய இடத்திலேயே பூக்காரம்மா. பழைய பூக்காரம்மாவின் மகள். அவளிடம் ஒரு முழம் வாங்கி வந்து எதிரில் வைத்து, புத்தக விதி ஒன்றையும் மீறாமல், பூவைத் தொடாமல் விட்டு, நிழலையும் பச்சையையும் நாரையும் மட்டும் வரைந்தேன். நாலு நாள். விடுவது இத்தனை வேலை என்று வால்டர் ஃபாஸ்டர் ஏன் சொல்லவில்லை? எனக்கு நிறைவாக இருந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தால் மொட்டு மொட்டாக எழுந்து வந்தது. பையில் போட்டுக்கொண்டு போய் அவளிடம் நீட்டினேன்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தூரமாகப் பிடித்தாள், கிட்டத்தில் பிடித்தாள்.

"நாரு சூப்பரா கீது கண்ணு. பூவு எப்ப வெப்ப?"

வீட்டுக்கு வந்து பழைய பெட்டியைத் திறந்தேன். சைனீஸ் வொய்ட் ட்யூப் அப்படியே இருக்கிறது. மூடிதான் இறுகிப்போய் வரவில்லை. வெந்நீரில் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு டம்ளர்.